காணிக்கைக்குப் போன என் காமிக்ஸ் பெட்டி

இன்று மதியம் எங்கள் சர்ச் முற்றத்தில், என் சொந்த காமிக்ஸ் பெட்டியை நானே ஏலம் கேட்டேன்!

(சிரிப்பதை முடிவில் வைத்துக்கொள்ளவும்.)

நம் காமிக்ஸ் குரூப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு "சும்மா பார்க்க வந்த" ஆள், போகும்போது அரிய புத்தகங்களாகப் பார்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே எனக்குத் தூக்கம் போயிற்று. (கைக்குழந்தைக்காரிக்குப் பாதி ஏற்கெனவே போயிருந்தது. மிச்சமும் போயிற்று.)

என்னுடையவை பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்தவை. மறுபதிப்பே வராத கறுப்பு வெள்ளை இதழ்கள். ஒவ்வொன்றுக்கும் தனி பிளாஸ்டிக் உறை, வளையாமலிருக்க ஓர் அட்டை, திருவட்டாறு மழைக்கு ஈரம் உறிஞ்சும் பாக்கெட். இத்தனையும் செய்துவிட்டுக் கண்ணாடி அலமாரியில் திருடனுக்குக் காட்சிக்கு வைப்பேனா?

எங்கள் வீட்டில் எந்தத் திருடனும் தொடாத பொருள் எது என்று யோசித்தேன்.

டயப்பர் பெட்டி!

ஆஃபரில் வாங்கிய பெட்டிகள் அறை மூலையில் அடுக்கிக் கிடந்தன. ஒன்றைக் காலி செய்து, காமிக்ஸை வைத்து, சுற்றிச் சுற்றி டேப் ஒட்டி, எல்லாவற்றுக்கும் அடியில் தள்ளினேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று அறுப்பின் பண்டிகை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஆளுக்கொரு பொருளைக் காணிக்கையாகக் கொண்டுவருவோம். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். பணம் சபைக்கு.

காலையில் என் மாமியார், பேரனுக்கு ஒரு வயசு ஆனதற்கு நன்றியாக ஒரு டயப்பர் பெட்டி வைக்கட்டுமா என்று கேட்டார். எடுத்துக்கோங்க மாமி என்றேன். மேலே இருப்பதைத்தானே எடுப்பார்?

ஏத்தன் வாழைக்குலை போனது. சேவல் போனது. அடுத்து ஏலம் விடுகிற அண்ணன் மூச்சு வாங்க ஒரு பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார்.

அந்த டேப் என் டேப்!

அடியில் கிடந்ததை ஏன் எடுத்தீங்க என்று மாமியின் காதில் கேட்டேன்.

"கர்த்தருக்குக் குடுக்கது இல்லியா மக்கா. ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்து, நல்ல கனமுள்ளதா எடுத்தேன்."

காணிக்கை வைத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. உள்ளே இருப்பதைச் சொன்னாலோ, சாயங்காலத்துக்குள் களியக்காவிளை வரை செய்தி போய்விடும். கையைத் தூக்கினேன்.

எதிரே இன்னொரு கை. ஷைனி. இரட்டைக் குழந்தைக்காரி. பாவம், அவளுக்கு உண்மையாகவே டயப்பர் வேண்டும்.

நான் ஏற்ற, அவள் ஏற்ற, கூட்டம் சேவலை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தது. மாமி என் இடுப்பில் கிள்ளினார்.

"ஏட்டி, நாம குடுத்தத நாமளே எடுக்கதுக்கா குடுத்தேன்?"

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். பெட்டி எனக்கு! துள்ளியேவிட்டேன். (ஒக்கலில் இருந்த பிள்ளையும் இலவசமாகத் துள்ளினான்.)

அப்போது எழுந்தார் என் அருமை வீட்டுக்காரர். ஏலத்தில் எடுத்ததை மறுபடி காணிக்கையாகக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். திரும்ப ஏலம் விடுவார்கள், சபைக்கு இரட்டிப்புப் பணம். நான் அதற்காகத்தான் இவ்வளவு வேகமாகக் கேட்டேன் என்று மனிதர் நினைத்துவிட்டார்.

"எங்க பிள்ளை பேர்ல திரும்பக் குடுக்கோம். இன்னொருக்கா விடுங்க."

கைத்தட்டல்!

இரண்டாவது ஏலத்தில் நான் தூக்கிய கையைப் பெருமையோடு பிடித்துக் கீழே இறக்கியும்விட்டார். பெட்டி ஷைனிக்குப் போனது.

பிள்ளையை அவரிடம் திணித்துவிட்டு ஓடினேன். பெட்டி ஆட்டோவில் ஏறியிருந்தது. ஷைனியை ஓரமாக இழுத்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். இதைத் தந்தால், வீட்டிலிருந்து இரண்டு நிஜ டயப்பர் பெட்டி தருவதாகச் சொன்னேன்.

அவள் நம்பவில்லை. டேப்பைக் கிழித்துப் பார்த்தாள். ஆட்டோ சீட்டிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மேலே இருந்த ஒன்றை எடுத்துப் புரட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது. நாலு பக்கம் படித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ரெண்டு பெட்டியும் வேணும். கூட இதையும் வாசிச்சிட்டுத் தாறேன்க்கா."

இரவலா! என் வாழ்நாளில் ஒரு புத்தகம் வெளியே போனதில்லை. கை கழுவணும், மடக்கக் கூடாது, சாப்பிடும்போது தொடக் கூடாது, இரட்டையர் பக்கத்திலேயே வரக் கூடாது என்று அடுக்கினேன்.

"வேதப்புஸ்தகத்துக்குக்கூட இவ்வளவு சட்டம் இல்லக்கா."

வேறு வழி? கொடுத்தேன்.

மற்றவை எல்லாம் வீடு வந்து சேர்ந்துவிட்டன, ஒரு மூலைகூட மடங்காமல்! உடனே புது இடத்துக்கு மாற்றிவிட்டேன். அதனால்தான் டயப்பர் கதையைத் தைரியமாக எழுதுகிறேன். வீட்டுக்காரரும் இதைப் படித்தே தெரிந்துகொள்ளட்டும்.

இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே ஷைனியிடமிருந்து ஒரு மெசேஜ்.

"அக்கா, கடைசிப் பக்கத்துல 'தொடரும்'னு போட்டிருக்கு. அடுத்தது உங்க கிட்ட உண்டா?"

உண்டு மக்கா, உண்டு!

எங்கே இருக்கு என்று மட்டும் கேட்காதே.