ஒரு மயிர் போதும்

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் மனிதக் குரங்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு குரங்கையும் கண்ணால் கண்டதில்லை. துண்டு துண்டாய் வெட்டுப்பட்ட ஆபிரிக்கக் காடுகளில் அவை படுத்தெழும்பிய கூடுகளிலிருந்து மயிர் பொறுக்கி உறைகளில் அனுப்புவார்கள். மரபணுவைப் பார்த்து, மொத்தம் எத்தனை குரங்கு என்று நாங்கள் கணக்குச் சொல்வோம்.

இதை மல்வேர்னில் நான் வாடகைக்கு இருந்த வீட்டு அன்ரிக்கு விளக்குவதற்குள் எனக்குச் சீவன் போய்விட்டது.

"மனிசரோ குரங்கோ, ஒண்டைச் சொல்லும் தம்பி."

"குரங்குதான் அன்ரி."

"அப்ப நேரை போய் எண்ணலாம்தானே?"

"அதுகள் ஆளைக் கண்டால் ஒளிச்சிடுங்கள். வேரோடை ஒரு மயிர் கிடைச்சால் போதும், ஆர் எண்டு பிடிச்சிடலாம். ஒரே குரங்கு பத்து இடத்திலை படுத்தாலும் ஒண்டெண்டுதான் வரும்."

அன்ரி கறியைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு அறை அப்பார்ட்மென்ட் அது. வாடகை ஒப்பந்தத்தில் நான்கு பேர், குடியிருந்தது ஒன்பது பேர். கட்டடப் பொறுப்பாளர் வருகிறார் என்றால் ஐந்து பேர் படிக்கட்டால் இறங்கி, பஸ் தரிப்பில் பனிக்குள் நின்றுவிட்டு வருவோம்.

அடுத்த கிழமை குளியல் தொட்டி அடைத்துக்கொண்டது. பொறுப்பாளரைக் கூப்பிடலாமென்று நான் தொலைபேசியை எடுத்தேன். அன்ரி ஓடிவந்து பறித்தார்.

"உமக்கென்ன விசரோ? உந்தக் குழாய்க்குள்ளை ஒன்பது பேரின்ரை மயிரும் கிடக்கு!"