ஆச்சி ஊறப்போட்ட காகிதம்

வெந்தயமும் நனைந்த காகிதமும் சேர்ந்து ஊறுகிற வாசனை... இன்றைக்கும் மூக்கில் பட்டால் எனக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம். டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிய கையோடு காரைக்குடியில் ஒரு சங்கீத சபாவில் வேலைக்குச் சேர்ந்தேன். தனி ஆபீஸ் எல்லாம் கிடையாது. செக்ரட்டரி ஐயா வீட்டு முகப்பில் ஒரு மேஜை, ஒரு மெஷின், ஒரு தகரப் பெட்டி. அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிதான் ஐயாவுக்கு உலகம். வித்வான்கள் கைப்பட எழுதிய கடிதங்கள், மிச்சமான கச்சேரி நோட்டீஸ்கள், பர்மாவிலிருந்து அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, எழுதிய கடுதாசிகள்... எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. நான்தான் உட்கார்ந்து பிரித்து, கடிதங்களை மட்டும் கட்டுக்கட்டாகக் குண்டூசி குத்தி வைத்தேன்.

ஐயாவுக்கு அது பிடிக்காது. "என்னத்தா, இப்படிக் குத்திக் குத்தி வைக்கிறே? ஊசி என்ன மரத்துலயா காய்க்குது?" என்பார். நான் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டேன்.

நவராத்திரிக் கச்சேரி நெருங்கிய சமயம். ஒரு நாள் காலையில் போனால் பெட்டி திறந்து கிடக்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லை!

பின்கட்டுக்கு ஓடினேன். ஐயாவின் மனைவி, ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம், அண்டாவில் காகிதத்தைக் கிழித்துப் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தார். பழைய காகிதத்தை வெந்தயத்தோடு ஊறவைத்து, உரலில் இடித்து, வெங்காயம் போட்டுவைக்கக் கூடை செய்வது அந்த வீட்டில் வருஷா வருஷம் நடப்பதுதான்.

"ஆச்சி... பெட்டியில இருந்த காயிதம்?"

"அதான் ஊறுதுல்ல. பழசெல்லாம் எடுத்துக்கன்னு அவுகதான் சொன்னாக."

அட கடவுளே! அவர் சொன்னது பரணில் கிடந்த செய்தித்தாளை.

சத்தம் கேட்டு வந்த ஐயா அண்டாவைப் பார்த்தார். தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எங்க அப்பச்சி கையெழுத்துன்னு அது ஒண்ணுதான இருந்துச்சு..." என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆச்சி எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்கு இப்ப ரெண்டு பேரும் இழவு விழுந்த மாதிரி இருக்கீக? ஊசி குத்துனதை யாரு ஊறப்போடுவா? உரல்ல கையை விட்டுத் தள்ளுறவ நானுல்ல! அந்தா, அங்குட்டு மொறத்துல கெடக்கு பாருங்க. அண்டாவுல இருக்கது வெறும் நோட்டீசு."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. ஐயா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார், கண்ணைத் துடைக்கிறார், மறுபடியும் சிரிக்கிறார்.

மறுநாள் என் மேஜையில் புது குண்டூசி டப்பா. அவரே கடைக்குப் போய் வாங்கி வந்தது. அதற்குப் பிறகு ஊசிப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

இப்போது எல்லாம் போனுக்குள் அடங்கிவிடுகிறது. அண்டா பயம் இல்லை, நிம்மதிதான்... ஆனால் அந்த 'அப்பாடா'வும் இல்லை.

போன மாதம் ஐயாவின் மகள் அந்தக் கடிதங்களை ஸ்கேன் பண்ணி அனுப்பியிருந்தார். கூடவே போன். "எல்லாத்துலயும் மூலையில துருக்கறை இருக்குக்கா. கம்ப்யூட்டர்ல அழிச்சிரவா?"

"ஐயையோ, அழிச்சிறாதீக ஆத்தா!" என்றேன். "அந்த ஊசி மட்டும் இல்லேன்னா, இந்தக் கடுதாசியிலதான் நீங்க இன்னைக்கு வெங்காயம் போட்டு வச்சிருப்பீக."