மூடி இல்லாத பேட்டரி

1. சேலை சல்லடையான கதை

தலவாக்கலையில் பேட்டரி சார்ஜ் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். கடை வேலை என்றால் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பில் எழுதுவது என்று நினைப்பு. முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பேட்டரிய தூக்கும்போது நெஞ்சோட அணைக்காத ராணி. அது ஒன் புள்ள இல்ல," என்றார்.

அணைத்துத்தான் தூக்கினேன். அந்தப் பாரத்தை வேறு எப்படித் தூக்குவதாம்? சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேலையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தால், வயிற்றுப் பக்கம் முழுக்க ஓட்டை. ஆசிட் பட்டது பட்டவுடன் தெரியாது, துவைக்கும்போதுதான் துணி கையோடு வரும். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மறுநாள் பழைய பாவாடை சட்டையோடு போய் நின்றேன். முதலாளி ரப்பர் கையுறையை எடுத்துக் கொடுத்தார்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்கள் நிறையவற்றுக்குக் கரண்ட் கிடையாது. டீவி கார் பேட்டரியில்தான் ஓடும். படம் சுருங்க ஆரம்பித்தால் பேட்டரி இறங்கிவிட்டது என்று அர்த்தம். சாக்கைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் பேட்டரியை ஏற்றிக்கொண்டு மலையிறங்கி வருவார்கள். சனிக்கிழமை படம் போடும் நாள் என்றால் கடை வாசலில் கால் வைக்க இடம் இருக்காது.

கார் பேட்டரிக்கு மேலே ஆறு மூடி இருக்கும். சார்ஜ் ஏறும்போது உள்ளே கேஸ் உண்டாகும். அதனால் மூடிகளைத் தளர்த்திவிட்டுத்தான் வயரை மாட்டுவோம். "மூச்சு விடட்டும்" என்பது முதலாளியின் பேச்சு. வருகிற ஆளிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி, கொழுந்து எடுக்கிற பெண்கள்வரை எல்லோருக்கும் அது மனப்பாடம். நல்ல பாடம்தான். ஆனால் ஒரு பேட்டரிக்குச் சொன்ன பாடத்தை எல்லாப் பேட்டரிக்கும் படிப்பார்கள் என்று யார் கண்டது?

2. தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

இரண்டாயிரத்துக்குப் பிறகு லயங்களுக்குக் கரண்ட் வந்தது. பின்னாலேயே கைப்பேசியும் வந்தது. முதலாளி பாதிக் கடையை ஃபோனுக்கு ஒதுக்கி, அந்தப் பக்கத்தை என்னிடம் விட்டார். கொழும்பிலிருந்து சாமான் கொண்டுவந்து போடும் மெக்கானிக் ஒருவர் லித்தியம் பேட்டரியைப் பற்றி எனக்கு விளக்கமாகச் சொன்னார். அவர் சொன்னதில் பாதி, நான் அதுவரை படித்ததற்கு நேர் எதிர்.

லித்தியத்துக்குத் தண்ணீர் கிடையாது, மூடி கிடையாது. சார்ஜ் கொஞ்சமும் இல்லாமல் இறங்கவும் விடக்கூடாது, நிறைந்த பிறகும் நாள் கணக்கில் வயரிலேயே கிடக்கவும் விடக்கூடாது. சூடான இடத்தில் வைக்கவே கூடாது. சாவி, சில்லறையோடு தனிப் பேட்டரியைப் பையில் போடக்கூடாது, இரண்டு முனையும் உரசினால் நெருப்புப் பிடிக்கும். வீங்கினால் அதன் ஆயுசு முடிந்தது. அமுக்காமல், சார்ஜ் போடாமல், மணலில் வைத்துவிட வேண்டும்.

இதையெல்லாம் நான் சொன்னால் மனிதர்கள் என்னைப் பார்க்க மாட்டார்கள், முதலாளியைத்தான் பார்ப்பார்கள். வட்டகொடைப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "அப்ப இதுக்குத் தண்ணி எந்தப் பக்கமா ஊத்துறதுங்க முதலாளி?" என்று பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலாளி என் பக்கம் கையைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

3. செல்வமணி அக்காவின் ஃபோன்

செல்வமணி அக்கா மலையில் கொழுந்து எடுப்பவர். அவர் புருசன் ராஜு அண்ணன் அந்த லயத்துக்கே பேட்டரி டாக்டர். டீவிக் காலத்தில் யார் வீட்டுப் பேட்டரிக்கு மூடி திறப்பதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களுடைய மகள் தேவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் இருவரும் கடைக்கு வந்தார்கள். அக்கா முந்தானையிலிருந்து ஃபோனை எடுத்து வைத்தார். பின்மூடி சேராமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. ரப்பரைக் கழற்றினால், உள்ளே பேட்டரி பொரித்த பூரி மாதிரி உப்பி நின்றது.

"ஃபோன எங்கக்கா வைப்பீங்க?"

"அடுப்பு ஓரத்து ஜன்னல்ல. அங்க மட்டுந்தான் டவர் எடுக்குது. புள்ள எப்ப கூப்புடுவாளோன்னு வயரோடயே கெடக்கும்."

ராவும் பகலும் சார்ஜில், அதுவும் அடுப்புச் சூட்டில். வேறு என்ன ஆகும்?

"இதை இனிச் சார்ஜ் போட ஏலாதுக்கா. புதுசு ஹட்டன்ல இருந்து திங்கக்கெழமதான் வரும்."

அக்காவின் முகம் வெளிறிப் போனது. "நாளைக்குப் புள்ள பேசுறேன்னிருக்கா. அவ வேல செய்யிற வீட்டுக்காரங்க வேற ஊருக்குப் போறாங்களாம். புது வெலாசமும் நம்பரும் நாளைக்குத்தான் சொல்லுவா. அவங்க மேடம் ஒரு நாளுதான் பேச விடுவாளாம். இத உட்டா எம் புள்ள எங்க இருக்கான்னே எனக்குத் தெரியாம போயிரும் ராணி."

என்னுடைய ஃபோனை எடுத்துக் கொடுத்தேன். "ஒங்க சிம்மை இதுல போட்டுத் தாறேன். நம்பர் மாறாது. கொண்டுபோங்க."

அக்கா கையை நீட்டிவிட்டார். ராஜு அண்ணன்தான் தடுத்தார். "அடுத்தவங்க ஃபோன வாங்கிட்டுப் போயி, ஒடஞ்சு கிடஞ்சு போனா யாரு பதில் சொல்றது? இது வெறும் கேஸுதான். நான் எத்தன பேட்டரி பாத்திருக்கேன்."

"அண்ணே, அதுக்கு மூச்சு விட வாய் இருந்துச்சு. இதுக்கு வாயே இல்ல. இல்லாத வாய நீங்க தொறந்தா நெருப்புதான் வரும்."

"பொம்பளப் புள்ள எனக்குப் பேட்டரி பாடம் எடுக்குது," என்று சிரித்துக்கொண்டே பேட்டரியைச் சட்டைப்பையில் போட்டார். பிடுங்கிவிடலாமா என்று கை பரபரத்தது. பொருள் அவருடையது, நான் என்ன செய்ய முடியும்? அந்த மனிதரை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

4. ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் தோட்டம் லீவு, டவுன் நிறைந்த கூட்டம். அந்தக் கூட்டத்தை இடித்துக்கொண்டு செல்வமணி அக்கா ஓடி வந்தார். காலில் செருப்பில்லை. கைக்குள் சிம்மை மட்டும் பொத்தி வைத்திருந்தார்.

"ஊசிய வச்சுக் குத்திட்டாருடி! சீறிக்கிட்டுப் புகை வந்து நெருப்புப் புடிச்சிருச்சு. கையெல்லாம் வெந்து போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அந்த மனுசன் அந்த வலியிலயும் 'நீ சிம்ம எடுத்துக்கிட்டு ராணிகிட்ட ஓடு'ன்னு சொல்லி வெரட்டுறாரு."

பேட்டரியை மட்டும் வாசலில் வைத்துக் குத்தியதால் ஃபோனும் சிம்மும் தப்பின. லயமும் தப்பியது, விறகு அடுக்கியிருந்த அடுப்படியில் குத்தியிருந்தால் எல்லாம் போயிருக்கும். என் சிம்மைக் கழற்றிவிட்டு அவருடையதைப் போட்டேன். டவர் கம்பி வந்தது. சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தோம்.

அது அடிக்கவில்லை. அக்கா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமான் வாங்க வந்தவர்கள் மேல் நான் எரிந்து விழுந்து அனுப்பினேன். முதலாளி ரேடியோவை நிறுத்திவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார்.

ஃபோன் அடித்தபோது அக்காவுக்கு எந்தப் பித்தானை அழுத்துவது என்று மறந்துபோனது. நான் அழுத்தினேன்.

"ஏம்மா எடுக்கல? காலையில இருந்து அடிக்கிறேன்," என்று தேவியின் குரல் அழுதது. "இதோட ஃபோன வாங்கிருவாங்கம்மா. சீக்கிரம் எழுதிக்க."

தேவி சொல்லச் சொல்ல அக்கா திருப்பிச் சொன்னார். நான் பேட்டரி அட்டைப்பெட்டியின் மேல் எழுதினேன். நம்பரை இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அப்போதுதான் வாசலில் ராஜு அண்ணன் நிற்பதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்கிறார். இரண்டு கையிலும் கட்டு.

"அப்பா இருக்காரா?" என்று தேவி கேட்டாள்.

அவரால் ஃபோனைப் பிடிக்க முடியாது. நான்தான் எழுந்துபோய் அவர் காதோடு வைத்துப் பிடித்தேன். நேற்று முழுக்க அவரைத் திட்டிய ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நல்லா இருக்கேன்மா," என்றார். "ஃபோன்ல சின்னப் பழுது. ராணி பாத்துக் குடுத்துருச்சு." மகள் பேசுவதை மட்டும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார்.

5. கற்றுக்கொண்டது

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாடிக்கையாளர் முட்டாள்தனம் செய்யும்போது, முன்பு எந்தப் பாடம் அவருக்குச் சரியாக வேலை செய்தது என்று பாருங்கள். ராஜு அண்ணன் ஊசியை எடுத்தது திமிரால் மட்டும் அல்ல. அது எங்கள் கடையில் படித்த பாடம். மூச்சு விடட்டும் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள். ஆகவே புதுப் பொருளை விற்கும்போது பழைய பாடம் இதற்குச் செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்று புகை விடுகிற மின்சிகரெட்டின் பேட்டரியைச் சாவிக்கொத்தோடு கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிற பையன்களுக்கும் இதே பேச்சுத்தான். உருவம் வேறு, சாமான் ஒன்று.

கை ஆறியபிறகு ராஜு அண்ணன் ஒரு தகர டின்னோடு கடைக்கு வந்தார். டின்னில் மணல், மணலுக்குள் வீங்கிய பேட்டரிகள். லயம் லயமாகப் போய் வாங்கி வந்திருக்கிறார். கொடுக்க மாட்டேன் என்றவர்களிடம் தன் கையைக் காட்டினாராம். உடனே எடுத்துக் கொடுத்தார்களாம்.

கடையில் நின்ற ஒருவர், "வெறும் கேஸுதானே அண்ணே, ஒரு குத்து குத்துனா அடங்கிராதா?" என்று கேட்டார்.

"வாய் இல்லாத சாமானுக்கு வாய் தொறக்கப் போகாத தம்பி," என்றார் ராஜு அண்ணன், தானே கண்டுபிடித்த பேச்சு மாதிரி. நான் கண்டுகொள்ளவில்லை. மணல் டின்னை வாங்கிக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன்.