மூன்று மிடறில் ஒன்று

போன வெள்ளி, ஜும்மா தொழுகை முடிந்ததும் ஆம்பூரில் ஒரு குழாய் திறப்பு விழா. ரிப்பன் கிடையாது, மைக் கிடையாது. பிஸ்மில்லா சொல்லிக் குழாயைத் திருகினால் முடிந்தது.

திருகியவன் யாகூப். என் பள்ளித்தோழன். அப்பா காலத்திலிருந்து தோல் பதனிடும் டேனரி நடத்தும் குடும்பம். போன வருடம் அவன் அம்மா — அவனுக்கு ‘அம்மி’ — தவறிவிட்டார். இறந்தவர் பெயரில் ஊருக்குத் தண்ணீர் கொடுப்பது எங்கள் வழக்கம். சதக்கா ஜாரியா என்போம். அந்தத் தண்ணீரை யாராவது குடிக்கும்வரை கபரில் இருப்பவருக்கு நன்மை போய்க்கொண்டே இருக்கும்.

அம்மா பிறந்த தெருவிலேயே போர்வெல் போட்டான். சுவரில் அவர் பெயரோடு ஒரு கிரானைட் பலகை, நான்கு ஸ்க்ரூ. தெரு, டேனரிக்கு நேர் பின்னால்... யோசித்தானா? இல்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

முதல் டம்ளர் ஹஜ்ரத்துக்கு — இமாமை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். தண்ணீரை மூன்று மிடறாகக் குடிப்பது நபிவழி. அவர் அதைத் தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை. அன்று ஒரு மிடறு குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

குடத்தோடு நின்ற தெருக்காரப் பெண் ஒருவர் ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். “உப்பு ஜாஸ்தி பாய். பாத்திரம் கழுவத்தான் ஆவும்.”

யாகூப் போர்வெல் போட்டவரைப் பார்த்தான். “இன்னும் ஆழமா போட்டா?”

“எவ்ளோ போனாலும் இங்க இதான் பாய்.”

ஓடுகிற ஆற்றின் கரையில் தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்று போதித்த மார்க்கம் எங்களுடையது. யாகூப்பின் அம்மா ஒரே சொம்பில் ஒளுவை முடிப்பார். நாங்களும் குழாயைப் பாதிதான் திறப்போம். ஆனால் டேனரிக் கழிவு ஓடும் பின்பக்கக் கால்வாய்? தொழில் ஹலால், ஏழைகளுக்கான ஜகாத் கரெக்ட் — பாலாற்றுக்கு என்ன கொடுத்தோம் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது கழிவுநீரைச் சுத்திகரிக்கிறோம், உண்மைதான். அப்பாக்கள் காலத்தில் விட்டது மண்ணுக்குள் அப்படியே இருக்கிறதே.

கூட்டம் கலைந்ததும் யாகூப் கேட்டான். “ஹஜ்ரத், இந்தத் தண்ணிய வாயில வெச்சி ஒருத்தர் மூஞ்சி சுளிச்சா... அதுவும் அம்மிக்குதான் போய்ச் சேருமா?”

“அவங்களுக்கு இல்லப்பா. அது நம்மளுக்கு.”

யாகூப் ஸ்க்ரூடிரைவர் வாங்கிவந்து பலகையைத் தானே கழற்றினான். பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு போனான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுவரில் நான்கு ஓட்டைகள் இருக்கின்றன. அங்கே யார் பெயரையாவது மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் என் பெயரை மாட்டுங்கள் — அதே டேனரியில் என் அப்பா வாங்கிய சம்பளத்தில்தான் நான் எழுதப் படிக்கக் கற்றேன்.