மரங்களின் புத்தாண்டும் ஒரு பொலிஸ்காரரும்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் ஊரில் எங்களை வைத்திருந்த கட்டடம் முன்பு தாதிமாரின் விடுதியாக இருந்ததாம். இலங்கையிலிருந்து வந்து அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த குடும்பங்கள் அறைக்கொன்றாக அதில் இருந்தோம். எண்பத்தாறாம் ஆண்டின் குளிர்காலம். எனக்குப் பத்து வயது. அந்த விடுதியில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருந்தது. எல்லாத் தாய்மாரும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். என் அம்மா சொல்லும் விதம் இது: "பொலிசைக் கண்டா மற்றப் பக்கத்தால நடந்து வா. அவங்கள் எங்கட பேரைக் கேக்கிற மாதிரி ஒரு அலுவலும் வச்சுக்கொள்ளாத."

தெருவுக்கு எதிர்ப்புறம் மிரியமின் வீடு. என் வயதுக்காரி. அவளுடைய தாய் ஆஸ்பத்திரியில் தாதி. கோபன்ஹேகனிலிருந்து வந்த யூதக் குடும்பம். அந்த ஊரில் வேறு யூத வீடு இருப்பதாக அவர்களுக்கே தெரியாது. தமிழர்களாகிய நாங்கள் ஒரு கட்டடம் நிறைய இருந்ததைப் பார்த்து மிரியம் கொஞ்சம் பொறாமைப்பட்டாள் என்று நினைக்கிறேன்.

பொங்கல் முடிந்து பத்தாம் நாள், ஒரு சனிக்கிழமை பின்னேரம், அவர்கள் வீட்டில் பழம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அன்று மரங்களுக்குப் புத்தாண்டாம். மேசையில் அத்தி, பேரீச்சம்பழம், வாதுமை, முந்திரிகை வற்றல் எல்லாம் இருந்தன. புளியம்பழம் போலக் கறுத்து வளைந்த நெற்று ஒன்றும் இருந்தது. ஆசையாக எடுத்துக் கடித்தேன். இனித்தது. ஏமாந்துபோய் நான் முகத்தைச் சுளிக்க, மிரியம் சிரிசிரியென்று சிரித்தாள்.

இந்த நாளில் மரம் நடுவதுதான் வழக்கம் என்றார் மிரியமின் தாய். ஆனால் வெளியே மண் இரும்பாக உறைந்து கிடந்தது. அதனால் இந்த வருடம் நட முடியாது, நிற்கிறதைக் காப்பாற்றப் போகிறோம் என்றார். எங்கள் தெருவில் ஆறு லிண்டன் மரங்கள் வரிசையாக நின்றன. கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அவற்றைத் தறிக்க நகரசபை முடிவெடுத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஆட்கள் வருவார்கள். அதற்கு முன்னமே நாங்கள் கைகோத்து மரங்களைச் சுற்றி நிற்கவேண்டும். ஆளுக்கொரு மரம் தெரிந்தெடுக்கச் சொன்னார். நான் நான்காவதை எடுத்தேன். பொலிஸ் வருமா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. கேட்டால் என்னைச் சேர்க்கமாட்டார்கள் என்ற பயம்.

திங்கட்கிழமை, தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அறையிலிருந்து இறங்கினேன். இன்னும் விடியவில்லை. மரங்களடியில் இருபது பேரளவில் நின்றார்கள். மிரியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். லொறி வந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் மெஷின் வாளைக் கீழே வைத்துவிட்டு சிகரெட் பற்றவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பொலிஸ் காரும் வந்தது.

இரண்டு பேர். ஒருவர் கொப்பியை எடுத்து முதலாம் மரத்திலிருந்து பெயர்களை எழுதிக்கொண்டு வந்தார். அந்த டேனிஷ்காரர்கள் கடையில் சாமானுக்குச் சொல்வதுபோலத் தங்கள் பெயர்களைச் சொன்னார்கள். விடுதி வாசலில் எங்கள் ஆட்கள் சிலர் வந்து நின்று, பொலிசைக் கண்டதும் உள்ளே போவது தெரிந்தது. அப்பா மட்டும் போகவில்லை. நான் உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். நான் பார்க்காவிட்டால் அவர் என் அப்பா என்று யாருக்கும் தெரியாது.

பொலிஸ்காரர் என் முன்னால் குனிந்தார். "உன் அப்பா எங்கே?" என்று டேனிஷில் கேட்டார். விளங்கியது. விளங்காததுபோல நின்றேன். மிரியமின் தாய், "அவள் என்னோடு வந்தவள். என் பெயரை எழுதுங்கள்" என்றார். பொலிஸ்காரர் தலையாட்டிவிட்டு அடுத்த மரத்துக்குத் திரும்பினார். தப்பிவிட்டோம் என்று நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் அப்பா தெருவைக் கடந்து வந்தார். குளிருக்குப் போடும் கோட் இல்லை. காலில் வீட்டுச் செருப்பு. பனியில் வழுக்கி, சமாளித்து, நேராகப் பொலிஸ்காரருக்கு முன்னால் வந்து நின்றார்.

"மின் டெட்டர்" என்றார். என் மகள்.

பொலிஸ்காரர் பரவாயில்லை என்பதுபோலக் கையைக் காட்டினார். அப்பா விடவில்லை. என் தோளில் கைவைத்து, "மின் டெட்டர்" என்று திரும்பவும் சொன்னார். பிறகு மூன்றாம் தரமும், சத்தமாக. சட்டைப்பையிலிருந்து எங்கள் விண்ணப்ப அட்டையை எடுத்து நீட்டினார். பொலிஸ்காரர் தயங்கிவிட்டு, வேறு வழியில்லாமல் இலக்கத்தை எழுதிக்கொண்டார். வழுக்கும், பார்த்துப் போங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு மரம் தறிக்கவில்லை. லொறி திரும்பிப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

அம்மா என்னை அடிக்கவில்லை. அப்பாவைத்தான் கேட்டார்: "கேக்காத பொலிசிட்ட நீங்களாப் போய்ப் பேரைக் குடுத்திட்டு வந்தனீங்களோ? இனி எங்களைத் திருப்பி அனுப்பினா?"

"அனுப்பினா எல்லாரும் சேந்து போவம்" என்றார் அப்பா.

அதன் பிறகு தபால்காரர் வரும் நேரமெல்லாம் எங்கள் அறையில் யாரும் கதைப்பதில்லை. விடுதியில் மற்றவர்களும் எங்களோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். மிரியம் வீட்டுக்குப் போக எனக்குத் தடை. ஏப்ரல் மாதம் கடிதம் வந்தது. அப்பா அதை உடைக்கமாட்டாமல் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா என்னிடம் கொடுத்தார். டேனிஷ் வாசிக்கத் தெரிந்தவள் நான்தான். அனுமதி கிடைத்திருந்தது. ஒரு கொப்பியில் எழுதிய இலக்கத்தால் எதுவுமே நடக்கவில்லை. மரங்களில் இரண்டைக் கோடையில் தறித்தார்கள். நான்கு தப்பின.

எனக்கு அப்பா மேல் கோபம் தீரக் கனகாலம் எடுத்தது. நான் அவ்வளவு கெட்டித்தனமாக மறைத்ததை அவர் வந்து கெடுத்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

அப்பா இறந்து ஒரு மாதம் கழித்து, நாங்கள் பிறகு குடியேறிய ரண்டர்ஸ் ஊர் வீட்டில், அம்மா சொன்னார். ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரன் வரிசையில் நின்ற ஒரு பொடியனைக் காட்டி, இவன் உன்ர ஆளோ என்று அப்பாவைக் கேட்டானாம். அப்பா இல்லை என்றாராம். தெரியாத ஆள் என்றால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாராம். அந்தப் பொடியன் அப்பாவின் கடைசித் தம்பி. லொறியில் ஏற்றும்போது தம்பி அப்பாவைப் பார்க்கவேயில்லையாம்.

பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் அப்பாவுக்குச் சும்மா ஒதுங்கி நிற்கத் தெரியவில்லை என்பதுதான்.