ரோஸ் கலர் பஞ்சர் கடை

போன வாரம் ஒரு போட்டோவைப் பரிசாகக் கொடுக்கப் போய், வசமாக மாட்டிக்கொண்டேன்.

என் கிறுக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். திருத்தணிக்கு வருகிறவர்கள் மலையையும் கோபுரத்தையும் படமெடுப்பார்கள். நான் பம்ப்செட் ரூம், பூட்டிய ரேஷன் கடை, பஸ் நிற்காத பஸ் ஸ்டாப்... இப்படி யாரும் ஏறெடுத்துப் பார்க்காத கட்டடங்களைத் தேடிப் போவேன். அதுவும் கறுப்பு வெள்ளையில் மட்டும். கேமராவையே அப்படித்தான் செட் செய்து வைத்திருக்கிறேன். கலர் கண்ணை ஏமாற்றும் என்று பெரிய பேச்சு வேறு.

கனகம்மாசத்திரம் தாண்டி ரோட்டோரமாக ஒரு பஞ்சர் கடை. ஒற்றை அறை, இழுத்து மூடிய ஷட்டர். சுவர் முழுக்க பஞ்சுமிட்டாய் ரோஸ். நல்லவேளை, நம் படத்தில் கலர் வராது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். படம் பிரமாதம். நெட்டில் போட்டதும், 'கைவிடப்பட்ட காலம்' என்று நண்பர்கள் உருகினார்கள்.

பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவுடைய இடம் அது என்று தெரிந்தது. பிரின்ட் போட்டு எடுத்துப் போனேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தவரின் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா சார், செத்தவங்க போட்டோ மாதிரி கீது? கலர் எங்க?"

"இதுதாம்மா அழகு" என்றேன். கலைஞன் அல்லவா!

"அழகு இருக்கட்டும் சார். இது என் தம்பி கடை. பெத்த நைனாகூட சண்ட போட்டுகினு ஆந்திரா லாரி ஏறிப் போனவன், இன்னும் வரல. நைனாவும் போய்ச் சேர்ந்துட்டாரு. இந்த ரோஸ் கலரு அவன் ஆசைப்பட்டு அடிச்சது. வருசா வருசம் பொங்கலுக்கு அதே கலரு அடிக்கிறேன். பஸ்ல எங்கனா இந்தப் பக்கம் போனான்னா, கடை இன்னும் அவனுதுதான்னு தெரியணும் இல்ல?"

எதை விட்டால் அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லையோ, அதைத்தான் நான் பார்த்துப் பார்த்து நீக்கியிருக்கிறேன்.

"நெட்ல போட்டா ஆந்திராவுலயும் பாப்பாங்களா?"

"ஆங், பார்ப்பாங்கம்மா."

"அப்போ கொஞ்சம் இருங்க சார்."

வாளியும் துணியுமாக வந்து, லாரிப் புழுதி போகச் சுவரைத் துடைக்க ஆரம்பித்தார். இட்லிக்கு வந்தவர்கள் நின்றார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரும் பார்க்காத கட்டடம் என்று நான் சொல்லித் திரிந்தேனே... ஒருவன் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஒரு கட்டடம் நிற்குமா? நிற்கிறது.

செல்போனில் கலரில் எடுத்து அங்கேயே நின்று நெட்டில் போட்டேன். உங்கள் ரசனைக்கு என்ன ஆச்சு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதுபாட்டுக்கு லைக்கும் வந்துகொண்டிருக்கிறது.

வர வேண்டிய ஒரே ஒரு லைக்தான் இன்னும் வரவில்லை!