நீலத்துக்கு மேல் வெள்ளை

எங்கள் லயத்து வீட்டில் எந்த மூலையில் பாயைப் போட்டாலும் மழை தேடிக்கொண்டு வந்துவிடும். செமிலிங் பக்கம், தொழிலாளர் வீடுகளை வரிசையாகக் கட்டிய தோட்டம் எங்கள் தோட்டம். ‘எங்கள்’ என்று எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், வாங்கியவர்கள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் நானும் அம்மாவும்தான். கூலிம் ஃபெக்டரியில் நான் வாங்கும் சம்பளத்தில் வெளியே வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியாது. மிச்சமிருந்தது ஒரே வழி. இந்த வீடுகள் குடியிருக்க லாயக்கில்லை என்று அரசாங்க அதிகாரி நேரில் பார்த்து எழுதினால் மாற்று வீடு கிடைக்கும்.

அந்தச் சமயத்தில்தான் பினாங்கிலிருந்து ஓவியம் வரைகிற ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். எனக்கு அவளைக் கண்டதும் பிடிக்கவில்லை.

“எங்க கஷ்டத்த வரைஞ்சு எந்த ஹோட்டல்ல மாட்டப் போறீங்க?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

“நான் வரைய வரலக்கா. நீங்கதான் வரையணும். தண்ணி எங்கெல்லாம் எறங்குதுன்னு ஒங்களுக்குத்தானே தெரியும்?” என்றாள்.

அதிகாரி எப்படியும் வெயில் நாளில்தான் வருவார், மழையைக் கூப்பிட்டுக் காட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தண்ணீர் வழிகிற தடத்தின் மேலேயே நீலச் சாயம் பூசலாம் என்பது அவள் யோசனை. முதலில் யாரும் தூரிகையைத் தொடவில்லை. பிறகு யார் வீட்டில் அதிகம் ஒழுகுகிறது என்பதில் சண்டையே வந்தது. “ஒங்க வீட்ல என்ன ஒழுகுது, எங்க வீட்ல வந்து பாருங்க லா!” என்று பக்கத்து வீட்டு அக்கா என்னையே இழுத்துக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் அம்மா விரலால் காட்டக் காட்ட அந்தப் பெண் தொடர்ந்து பூசிக்கொண்டே வந்தாள். நீலம் கூரையிலிருந்து இறங்கி, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வளைந்து, அரிசித் தகரத்துக்குப் பின்னால் போய் முடிந்தது. அத்தனை வருடம் நாங்கள் பட்ட அவஸ்தை சுவரில் ஏறி நின்றது. அன்றைக்கு எனக்கு நம்பிக்கை வந்தது, மறைப்பானேன்.

அதிகாரி வரும் நாளன்று காலை, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினேன். அந்தப் பெண் எங்கள் வாசலில் நின்றிருந்தாள். உள்ளே கையைக் காட்டினாள். சுவரெல்லாம் வெள்ளை. எங்கள் வீடு மட்டுமல்ல, லயம் முழுக்க. ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து வெள்ளையடித்திருக்கிறார்கள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இது புரியும். பெரிய தொரை லயம் பார்க்க வருகிறார் என்றால் முதல் நாளே வெள்ளையடித்து, கால்வாயைக் கூட்டி, வாசல் தெளித்து வைக்க வேண்டும். அழுக்கு வீடென்றால் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். தொரைமார்கள் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்தப் பயம் மட்டும் எங்கள் பெண்களை விட்டுப் போகவில்லை.

சத்தம் போட நேரமில்லை. அதிகாரி வந்துவிட்டார். அம்மா புதுத் திரைச்சீலையை விலக்கி, சிரித்த முகமாக இனிப்புச் சிரப் கலந்த தண்ணீரை நீட்டினாள்.

“போச்சோர் கா, அன்ட்டி?” ஒழுகுகிறதா என்று கேட்டார்.

“சிக்கிட் சஜா, துவான்,” என்றாள் அம்மா. கொஞ்சம்தானாம்!

அடுப்படியிலிருந்து கத்தியை எடுத்துவந்து சுவரைச் சுரண்டினேன். காயாத வெள்ளைக்கு அடியிலிருந்து நீலம் குழைந்து வந்தது. அந்தப் பெண் நீலம் பூசிய அன்றைக்கு எடுத்த படங்களை ஃபோனில் காட்டினாள். அவர் படங்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சாயம் ஒட்டியிருந்த அவள் நகங்களையும் பார்த்தார்.

“இது சாயம்தானே?” என்று மலாயில் கேட்டுவிட்டு, வீடு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, “பெரிய மனுசன் முன்னால மானத்த வாங்காதடி,” என்றாள்.

அவர் போனதும் கத்தினேன். “ஏம்மா இப்படிப் பண்ண? நம்ம தலையில நாமே மண்ணப் போட்டுக்கிட்டோமே!”

அம்மாவுக்கு என் கோபம் விளங்கவேயில்லை. “வீட்ட எவ்ளோ சுத்தமா வச்சிருக்கோம்னு கண்ணால பாத்தாதானேடி நல்ல வீடா குடுப்பாங்க? அழுக்குப் புடிச்சவங்களுக்கு யாரு புது வீடு குடுப்பா?”

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

காலி செய்யச் சொல்லி மறுபடியும் காகிதம் வந்தபோது அதைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“எந்தப் பக்கம்டி வீடு குடுத்திருக்காங்க,” என்று கேட்டாள், “பீடோங் பக்கமா?”